ஒரு துளி இரத்தமும் தோட்டக் காய்ச்சலும்



நாம் வாழும் ஊர்களின் பெயர்களை அன்றாடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அவற்றின் பொருளை நினைத்துப் பார்ப்பதில்லை. மலாக்காவில் உள்ள நமது பாயா ரும்புட்டையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் 'பாயா' என்றால் சதுப்பு நிலம். 'ரும்புட்' என்றால் புல். புல் மண்டிய சதுப்பு என்பதே இந்த ஊரின் பெயர். இன்று இங்கே தார்ச்சாலை இருக்கிறது, வீடமைப்புப் பகுதிகள் இருக்கின்றன, கடைகள் இருக்கின்றன. ஆனால் இப்பெயரை இட்டவர்கள் கண்டது தண்ணீர் தேங்கிய நிலத்தையும் அதில் வளர்ந்த புல்லையுந்தான். தண்ணீர் தேங்கிய இடத்தில் கொசு இருக்கும். அந்நாளில் கொசு இருந்த இடத்தில் காய்ச்சலும் இருந்தது. அந்தக் காய்ச்சலின் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம். அது நம் முன்னோர்களின் கதை. அவர்களுடைய இரத்தத்தில் எழுதப்பட்ட கதை என்று சொன்னாலும் மிகையாகாது.

மலாயாவில் வாணிப முறையில் முதன்முதலாக ரப்பர் பயிரிடப்பட்டது நமது மலாக்காவிலேதான். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அதன் பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. காடுகள் அழிக்கப்பட்டன. அந்த வேலைக்காக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார்கள். கங்காணி சொன்ன இனிப்பான சொற்களை நம்பி வந்தவர்கள் பலர். ஊரில் பஞ்சம் தாங்காமல் வந்தவர்கள் பலர். வந்து இறங்கிய சில மாதங்களிலேயே அவர்களைப் பிடித்தது காய்ச்சல்.

நம் பாட்டிமார்கள் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். முதலில் குளிர் எடுக்கும். கம்பளியின் மேல் கம்பளி போட்டாலும் பல் கிட்டும். பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டி அடங்கும். மறுநாள் ஒன்றும் இல்லாதது போல் இருக்கும். மனிதன் எழுந்து பெரட்டுக்குப் போய்விடுவான். அதற்கு அடுத்த நாள், முன்பு வந்த அதே நேரத்திற்கு, மறுபடியும் குளிர் வரும். முறை வைத்து வருவதால் 'முறைக்காய்ச்சல்' என்றார்கள். எதனால் வருகிறது என்று கேட்டால், சிலர் காட்டுக்காற்று என்றார்கள். சிலர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சிலர் காட்டுமுனி அடித்துவிட்டது என்று கோழி அறுத்தார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்யத் தேவையில்லை. அந்நாளில் ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்களும் சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே காரணம் என்று எண்ணினார்கள். 'மலேரியா' என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படுவதுதான்.

காய்ச்சல் விட்ட பிறகும் தொல்லை விடவில்லை. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், வயிற்றின் இடப்புறத்தில் மண்ணீரல் கட்டியாய் உப்பிக்கொண்டு நிற்கும். மேடு ஏறினால் கண் இருட்டும். இப்படிப்பட்டவன் தன் நிரையை வெட்டி முடிக்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்தால், 'சோம்பேறி' என்ற பெயர் கிடைத்தது. பேர் விழவில்லை; கூலியும் இல்லை. நோயும் அவனுக்கே, பழியும் அவனுக்கே என்ற நிலை. அந்தப் பழி எவ்வளவு பொய்யானது என்பதை ஒரு துளி இரத்தம் சொல்லும். அதைக் கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரத்தம் என்பது வெறும் சிவப்புத் தண்ணீர் அன்று. விரல் நுனியில் ஊசியால் குத்தி எடுத்த ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அங்கே ஒரு தோட்டமே வேலை செய்வதைக் காணலாம். மஞ்சள் நிறமான நீரில் மூவகை அணுக்கள் மிதக்கின்றன.

முதல் வகை சிவப்பணுக்கள். காண்டா கம்பில் பால் வாளிகளைச் சுமந்து செல்லும் தொழிலாளர்களைப் போன்றவை இவை. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய் இறக்குகின்றன. அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிவப்புப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். அதைச் செய்வதற்கு இரும்புச்சத்து வேண்டும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது கடுகளவுகூட இல்லாத ஒரு துளியில், சுமார் 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தட்டையான வட்டம். நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 130 அணுக்களை வரிசையாக அடுக்கலாம். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உழைத்துவிட்டு அழிகிறது. அதனை ஈடுசெய்ய, எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ 20 இலட்சம் புதிய அணுக்களை உண்டாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் வகை வெள்ளையணுக்கள். இவை இரவும் பகலும் கண்விழித்திருக்கும் ஜாகாக்காரர்கள். எண்ணிக்கையில் குறைவு, அதே ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரைதான். ஆனால் இவர்களுக்குள்ளேயே பல பிரிவுகள் உண்டு. சில வகை அணுக்கள் உள்ளே நுழைந்த கிருமியை அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். வேறு சில, அந்தக் கிருமியை எதிர்ப்பதற்கான பொருள்களைச் செய்து இரத்தத்தில் விடும். ஒருமுறை வந்த பகைவனை நினைவில் வைத்திருக்கும் அணுக்களும் உண்டு. தடுப்பூசி வேலை செய்வது இந்த நினைவைக் கொண்டுதான்.

மூன்றாம் வகை மிகச் சிறிய தட்டணுக்கள். இன்று எல்லாரும் 'பிளேட்லெட்' என்கிறோம். மரத்தில் வெட்டுப்போட்டதும் பால் வடிகிறது. சற்று நேரம் போனால் வெட்டுக்கோட்டிலேயே பால் உறைந்து ஒட்டுப்பாலாகிப் பால் வடிவது நின்றுவிடுகிறது. இது நின்றிராவிட்டால் மரம் என்னவாகும்? நம் உடம்பில் காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்து அடைப்பதற்கு உதவுபவை இந்தத் தட்டணுக்களே. ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும்.

இவற்றை மனிதன் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. ஹாலந்து நாட்டில் துணி வாணிபம் செய்துவந்த லீவன்ஹூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியாகச் சிவப்பணுக்களைப் பார்த்து 1674இல் விவரித்து எழுதினார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர் என்பதை நம் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும். தட்டணுக்களின் பணியை இத்தாலியரான பிட்சோசெரோ 1882இல் விளக்கினார். அதே ஆண்டில் ருஷ்ய அறிஞர் மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் இளங்குஞ்சுகளில் முள்ளைக் குத்திவைத்துப் பார்த்து, அலையும் அணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குகின்றன என்ற உண்மை அதிலிருந்து பிறந்தது.

இனி, காய்ச்சலுக்கு வருவோம். அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவெரான், 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் மலேரியா நோயாளி ஒருவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அணுக்களுக்கு இடையே உயிருள்ள ஏதோ ஒன்று வாலை வீசி அசைவதைக் கண்டார். அதனுள்ளே கறுப்புப் பொடி போன்ற துகள்கள் இருந்தன. நோயின் காரணம் கெட்ட காற்று அன்று, இரத்தத்தில் வாழும் ஒரு நுண்ணுயிர் என்று அவர் கூறினார். பல பெரியவர்கள் அதை உடனே ஏற்கவில்லை.

அந்த நுண்ணுயிர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். அது சிவப்பணுவின் உள்ளே புகுந்துகொள்கிறது. அங்கிருக்கும் ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றதுபோக மிஞ்சும் கழிவுதான் அந்தக் கறுப்புப் பொடி. வயிறு நிறைந்ததும் பல கூறுகளாகப் பிரிகிறது, அணு வெடிக்கிறது, வெளியே வந்த குஞ்சுகள் புதிய அணுக்களுக்குள் புகுகின்றன. இலட்சக்கணக்கான அணுக்கள் ஒரே சமயத்தில் வெடிக்கும்போதுதான் மனிதனுக்குக் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. சில வகைக் கிருமிகள் 48 மணிக்கு ஒருமுறை இப்படி வெடிக்கும். ஒரு வகை 72 மணிக்கு ஒருமுறை. நம் பாட்டி 'முறைக்காய்ச்சல்' என்று பெயர் வைத்தாரே, அந்த முறை கிருமியின் கடிகார முறைதான். காரணம் தெரியாவிட்டாலும் அவர் கவனித்தது சரியாகவே இருந்தது.

ஆனால் இந்தக் கிருமி ஒருவன் இரத்தத்திலிருந்து மற்றொருவன் இரத்தத்துக்கு எப்படிப் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது இந்திய மண்ணில். செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ரோஸ், கொசுக்களை மலேரியா நோயாளியின் உடம்பில் கடிக்கவிட்டு, பிறகு அவற்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வாறு கடிபடச் சம்மதித்தவர் ஹுசேன்கான் என்ற ஏழை நோயாளி. கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் உருண்டையான சில அணுக்களை ரோஸ் கண்டார். அவற்றுள் இருந்தது அதே கறுப்புப் பொடி! மனித இரத்தத்தில் கண்ட அடையாளம் கொசுவின் வயிற்றிலும் இருந்தது. மறு ஆண்டு கல்கத்தாவில், முகமது பக்ஸ் என்ற உதவியாளரின் துணையுடன் பறவைகளில் ஆராய்ந்து, கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்து, கடிக்கும்போது இரத்தத்தில் இறங்குவதையும் காட்டினார். மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் என்ற இனக் கொசு என்பதை இத்தாலியில் கிராசியும் அவருடைய தோழர்களும் 1898இல் உறுதிசெய்தனர். ரோஸுக்கு 1902இலும் லாவெரானுக்கு 1907இலும் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசேன்கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள். அறிவியல் வரலாற்றைப் படிக்கும்போது அந்தப் பெயரையும் நாம் மறக்கலாகாது.

இந்தப் புதிய அறிவு மலாயாவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1901இல் கிள்ளான் மாவட்டத்துக்கு மருத்துவராக வந்தார் மால்கம் வாட்சன் என்ற இளைஞர். அவ்வாண்டு கிள்ளானைக் காய்ச்சல் வாட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சலால் முடங்கும் நிலைக்கு வந்தது. வாட்சன் சதுப்புக் காட்டை வெட்டச் சொன்னார். கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு வடியவிடச் சொன்னார். ஓராண்டுக்குள் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

அதோடு வெற்றி கிடைத்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் இதே மருந்தை மேட்டு நிலத் தோட்டங்களில் பிரயோகித்தபோது நேர்மாறாக நடந்தது. காட்டை அழித்தார்கள்; ஓடைகளைச் சுத்தம் செய்தார்கள்; காய்ச்சல் கூடியது! பல ஆண்டுகள் கொசுக்களைப் பிடித்துப் பார்த்த பின்னரே காரணம் விளங்கியது. கடலோரத் தாழ்நிலத்தில் நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழல் போனால் அதுவும் போய்விடும். ஆனால் மேட்டு நிலத்தில் பரப்பியது மாக்குலாட்டஸ் என்ற வேறொரு கொசு. அதற்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த ஓடைநீர். காடு இருந்தவரை ஓடை நிழலில் கிடந்தது. காட்டை அழித்ததும் அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போல் ஆயிற்று. மலாக்காவின் உள்நாட்டுப் பகுதியைப் போன்ற மேடும் பள்ளமுமான நிலங்களுக்கு இந்தப் பாடம் மிக முக்கியமானது. ஓர் ஊரில் பலித்த வைத்தியம் அடுத்த ஊரில் விஷமாகலாம். எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது.

மேட்டு நிலத்துக்கு வேறு வழி கண்டார்கள். பள்ளத்தாக்கு ஊற்றுகளைக் குழாய் பதித்து மண்ணுக்கு அடியில் ஓடவிட்டார்கள். பிறகு ஓடைகளிலும் கால்வாய்களிலும் வாரந்தோறும் எண்ணெய் தெளித்துக் கொசுப் புழுக்களைக் கொன்றார்கள். 1911இல் அரசாங்கம் மலேரியா ஆலோசனைக் குழுவை அமைத்தது. அவ்வாண்டே வாட்சன் தம் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். பின்னாளில் அவருக்குச் 'சர்' பட்டமும் கிடைத்தது. அவருடைய அறிவுக்கும் உழைப்புக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் மண்வெட்டி பிடித்து அந்தக் கால்வாய்களை வெட்டியவர்கள் யார்? எண்ணெய் டின்னை முதுகில் கட்டிக்கொண்டு அட்டைக்கடியில் ஓடை ஓடையாய் நடந்தவர்கள் யார்? அதிகாலைப் பெரட்டில் வரிசையாய் நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொய்னாக் கசப்பை விழுங்கியவர்கள் யார்? வாட்சன் தோட்டத்துக்குத் தோட்டம் போய், நோய் எவ்வளவு என்று அளப்பதற்குத் தொட்டுப் பார்த்தது யாருடைய வயிற்றை? உப்பிய மண்ணீரலோடு வரிசையில் நின்ற நம் குழந்தைகளின் வயிற்றைத்தான். இந்த வெற்றியில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. அதை நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வடிகால் வெட்டப் பணம் வேண்டும். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவு உடனே தெரியும். லயத்துக்குப் பின்னால் புதைக்கப்பட்டவரின் இழப்பு அதில் தெரியாது. நோயில்லாத தொழிலாளிதான் தோட்டத்துக்கும் இலாபம் என்று மருத்துவர்கள் எடுத்துக்காட்டியபோதுதான் பல இடங்களில் மண்வெட்டி எழுந்தது. உண்மை தெரிந்த நாளுக்கும் அந்த உண்மை லயத்து வாசலுக்கு வந்த நாளுக்கும் நடுவே எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள்.

சோம்பேறி என்ற பழியைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜித் தீவிலும் ஆராய்ந்தது. கொக்கிப்புழுவும் மலேரியாவும் தொழிலாளரின் இரத்தத்தை எவ்வாறு வற்றச் செய்கின்றன என்பதே ஆராய்ச்சி. கொக்கிப்புழு, மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலில் கடித்துத் தொங்கி இரத்தத்தைக் குடிக்கிறது. உடம்பிலுள்ள இரும்புச்சத்து கரைந்துபோகிறது. ஒரு பக்கம் மலேரியாக் கிருமி அணுக்களை வெடிக்கச் செய்கிறது. மறுபக்கம் புழு உறிஞ்சுகிறது. ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த மனிதனுக்குப் பிராணவாயுவும் பாதிதான். அவன் மேடு ஏற முடியாமல் உட்கார்ந்தால் அது சோம்பல் ஆகுமா? வாளி சுமக்க ஆளில்லாத தோட்டத்தில் பால் எப்படிக் கொட்டகைக்கு வந்து சேரும்? பழி சுமந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்காக அவர்களுடைய இரத்தமே சாட்சி சொல்கிறது.

பின்னர் யுத்தம் வந்தது. கொய்னா மருந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. உலகின் கொய்னாத் தேவையில் பெரும்பகுதியைத் தந்தது ஜாவாத் தீவு. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தனர். மலாயாத் தோட்டங்களில் மருந்தும் இல்லை, வடிகால் பராமரிப்பும் இல்லை, அரிசியும் இல்லை. சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுள் எத்தனையோ பேரை வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் தின்றன. திரும்பி வந்தவர்கள் சிலரும் காய்ச்சலை உடம்பில் சுமந்தே வந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கம் மலேரியாவை ஒழிக்க முனைந்தது. 1960 முதல் 1964 வரை சுங்கை பூலோவில் சோதனைத் திட்டம் நடந்தது. 1967இல் தீபகற்பம் முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுச் சுவருக்கு டி.டி.டி. மருந்து அடித்தார்கள். சுகாதார ஊழியர் லயம் லயமாய் வந்து, காய்ச்சல் கண்டவரின் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவிக் கொண்டுபோனார். அந்தத் தகட்டுக்கு ஜிம்சா என்ற சாயத்தை ஏற்றுவார்கள். கிருமியின் உடல் நீலமாகவும் அதன் உட்கரு சிவப்பாகவும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கண் வலிக்க வலிக்கத் தகடு தகடாய்ப் பார்த்து, யாருக்கு மருந்து தர வேண்டும் என்று சொன்னார். 1961இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்த நோய் இப்படித்தான் அடங்கியது. 2018ஆம் ஆண்டில், மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா இந்த நாட்டுக்குள்ளேயே ஒருவருக்கும் தொற்றவில்லை என்ற நிலை முதன்முறையாக எட்டப்பட்டது. நம் பூட்டன் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

ஆனால் கதை முடிந்துவிடவில்லை. குரங்குகளின் இரத்தத்தில் வாழும் நோலெசி என்ற மலேரியாக் கிருமி உண்டு. கல்கத்தாவில் நோல்ஸ், தாஸ்குப்தா என்ற இருவர் 1932இல் இதை ஆராய்ந்து, மனிதனுக்கும் இது பிடிக்கும் என்று காட்டினார்கள். 1965இல் நமது பஹாங் காட்டுக்குப் போய்வந்த ஓர் அமெரிக்கருக்கு இது இயற்கையாகவே தொற்றியது தெரியவந்தது. பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். சரவாக்கில் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் காப்பிட் வட்டாரத்து நோயாளிகள் 208 பேரின் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் 120 பேருக்கு இருந்தது இந்தக் குரங்கு மலேரியா! நுண்ணோக்கியில் பார்த்தால் இது 72 மணிக்கு ஒருமுறை வரும் சாதுவான வகையைப் போலவே தோன்றும். உண்மையில் இது 24 மணிக்கு ஒருமுறை பெருகும். சில நாள்களில் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பாதித்து உயிரையே வாங்கக்கூடும். காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கும், செம்பனை, ரப்பர்த் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும் இன்று நம் நாட்டில் வரும் மலேரியா பெரும்பாலும் இதுதான். சபா, சரவாக்கில் அதிகம், தீபகற்பத்திலும் உண்டு. காலத்தோடு கண்டுபிடித்தால் குணப்படுத்தும் நல்ல மருந்துகள் இருக்கின்றன.

டெங்கி வேறு வகை. அது மலேரியாவைப்போல் சிவப்பணுவைத் தின்னும் உயிரன்று. நுண்ணோக்கியிலும் தெரியாத வைரஸ். அந்தக் காய்ச்சலில் தட்டணுக்கள் சரசரவெனக் குறையும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அதனால்தான் கிளினிக்கில் மறுபடி மறுபடி இரத்தம் எடுத்து எண்ணுகிறார்கள். காய்ச்சல் விட்ட நேரத்தில்தான் ஆபத்து மிகுதி என்பதைத் தாய்மார்கள் மறக்கக் கூடாது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், தளர்ச்சி ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கிக் கொசு ஓடையைத் தேடிப் போவதில்லை. வெட்டாமல் விட்ட மரத்தில் மாட்டியிருக்கும் மங்கில் ஒரு வாய் மழைத்தண்ணீர் போதும் அதற்கு. பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாம் அதற்கு வீடுகளே. ஆகவே மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். இது டிரெஸ்ஸர் செய்யும் வேலை அன்று; நாம் செய்ய வேண்டிய வேலை.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இரண்டு மூன்று நாள் காய்ச்சல் விடாமல் இருந்தால், கடையில் வாங்கிய மாத்திரையை மட்டும் நம்பி இருக்காதீர்கள்; இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், "நான் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறேன்", "சென்ற வாரம் காட்டோரத்தில் தங்கினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காப்பாற்றலாம். முகம் வெளுத்து மூச்சு வாங்கும் பெண்ணை 'ஒன்றுக்கும் ஆகாதவள்' என்று ஏசாதீர்கள். அவளுடைய ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் செருப்புப் போட்டுவிடுங்கள். கீரையும் மீனும் பயறும் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு ஒருமுறை இரத்தத் தகட்டைப் பாருங்கள். அங்கே தெரியும் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் உங்கள் பூட்டன் பட்ட பாடு அடங்கியிருக்கிறது. அன்று அவருடைய விரலைக் குத்தி எடுத்த இரத்தத்தை வேறு யாரோ பார்த்தார்கள். அதில் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்று அந்த நுண்ணோக்கியின் முன் உட்காரும் இடம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஆய்வுக்கூட ஊழியராக, தாதியாக, மருத்துவராக, ஆராய்ச்சியாளராக நீங்கள் அங்கே உட்கார வேண்டும். உட்கார்ந்தால், பார்த்ததைத் தமிழில் உங்கள் பாட்டிக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புல் மண்டிய சதுப்பாக இருந்த பாயா ரும்புட்டில் இன்று நாம் காய்ச்சலுக்கு அஞ்சாமல் இரவில் உறங்குகிறோம். அந்த உறக்கம் நமக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. கால்வாய் வெட்டியவர்களையும் கொய்னா குடித்தவர்களையும் நினைத்துக்கொண்டு, நாளைக் காலையில் முதல் வேலையாக வீட்டைச் சுற்றித் தேங்கியுள்ள தண்ணீரைக் கொட்டிவிடுவோமாக.